டேப்பெட் இடைவெளியும் நான்கு புத்தகங்களும்



மோட்டார் பட்டறை ஒன்றின் மேசைமீது நான்கு தடித்த புத்தகங்கள் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். நான்கும் டொயோட்டா கொரோலா காரின் பழுதுபார்ப்பு நூல்களே. 'டக் டக்' என்ற ஓசையுடன் ஒரு கொரோலா வந்து நிற்கிறது. எஞ்சினின் மேற்பகுதியிலிருந்து வரும் அந்த ஓசையைக் கேட்ட மெக்கானிக், "டேப்பெட் இடைவெளியைப் பார்க்க வேண்டும்" என்று முடிவு செய்து புத்தகங்களைப் புரட்டுகிறார்.

எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, ஒரு திருகைத் திருப்பி இடைவெளியைச் சரிசெய்யச் சொல்கிறது முதல் புத்தகம். எஞ்சின் நன்றாகக் குளிர்ந்த பிறகு அளந்து, ஒரு சிறு வட்டத் தகட்டை மாற்றச் சொல்கிறது இரண்டாவது. மூன்றாவது புத்தகமோ கேம் ஷாஃப்டையே கழற்றச் சொல்கிறது. நான்காவது புத்தகத்தில் இந்த வேலையே இல்லை!

எந்தப் புத்தகம் சரியானது? நான்கும் சரியானவையே. ஆனால் வாசலில் நிற்கும் அந்தக் காருக்கு அவற்றுள் ஒன்றுதான் பொருந்தும். பழுதுபார்ப்பு நூலில் உள்ள ஒவ்வோர் எண்ணும் ஒரு குறிப்பிட்ட பொறியமைப்புக்கு உரியது. அந்த அமைப்பை விட்டுப் பிரித்தால் அந்த எண் பொருளற்றுப் போகும். சில வேளைகளில் ஆபத்தாகவும் முடியும். இது எப்படி என்று இக்கட்டுரையில் காண்போம்.

ஒரு பெயர், பல தலைமுறைகள்

கொரோலா கார் ஜப்பானில் 1966 நவம்பரில் விற்பனைக்கு வந்தது. அதன் தலைமைப் பொறியாளர் தட்சுவோ ஹசெகாவா, முன்பு விமானங்களை வடிவமைத்தவர். முதல் கொரோலாவின் எஞ்சின் கொள்ளளவு 1077 கன சென்டிமீட்டர் மட்டுமே. பின்னர் 1970, 1974, 1979, 1983, 1987, 1991, 1995, 2000, 2006 ஆகிய ஆண்டுகளில் முற்றிலும் புதிய வடிவங்கள் வெளிவந்தன. இவ்வாறு அடியோடு மாற்றி வடிவமைக்கப்படும் ஒவ்வொரு முறையையும் ஒரு 'தலைமுறை' என்பர். கொரோலா என்ற பெயரில் விற்ற கார்களின் மொத்த எண்ணிக்கை 2021இல் 5 கோடியைக் கடந்தது.

பெயர் ஒன்றே என்றாலும் உள்ளே இருப்பது ஒன்றல்ல. 1979இல் வந்த நான்காம் தலைமுறைக் காரில் எஞ்சின் பின்சக்கரங்களைச் சுழற்றியது. 1983இல் வந்த ஐந்தாம் தலைமுறையின் பெரும்பாலான கார்களில் எஞ்சின் குறுக்காகத் திருப்பி வைக்கப்பட்டு முன்சக்கரங்களைச் சுழற்றியது. ஆகவே கிளட்ச், கியர்பெட்டி, அச்சு ஆகிய எல்லா அத்தியாயங்களையும் புதிதாக எழுத வேண்டியதாயிற்று.

பழுதுபார்ப்பு நூலை ஜப்பானிய மொழியில் 'ஷூரிஷோ' என்பர். புதிய தலைமுறை வரும்போது டொயோட்டா நிறுவனம் இன்னொரு நூலையும் வெளியிடுவது வழக்கம். அது புதிய வண்டியின் விளக்க நூல். எது மாறியது, ஏன் மாறியது என்பதை அது சொல்லும். எப்படிக் கழற்றுவது, எப்படி அளப்பது, எப்படிப் பூட்டுவது என்பதைப் பழுதுபார்ப்பு நூல் சொல்லும். ஒரே தலைமுறைக்குள் சிறு மாற்றம் செய்தால் மாறிய பகுதியை மட்டும் கூறும் இணைப்பு நூல் வரும். அப்போது முதல் நூலையும் இணைப்பையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

காரின் 'ஜாதகம்'

வாசலில் நிற்கும் கார் எந்தத் தலைமுறை என்று எப்படி அறிவது? பெயரைக் கேட்டால் போதாது. நிறமும் வடிவமும் ஏமாற்றும். எஞ்சின் அறைக்குள் இருக்கும் உலோகத் தகட்டில் பொறித்த குறியீட்டைப் பார்க்க வேண்டும்.

முதல் கொரோலாவின் குறியீடு 'கே.இ.10'. 'கே' என்பது எஞ்சின் குடும்பத்தின் பெயர். 'இ' என்பது கொரோலாவைக் குறிக்கும். '10' என்பது முதல் தலைமுறையைக் காட்டும். நான்காம் தலைமுறையில் 'கே.இ.70' என்று வரும். ஆறாம் தலைமுறைக் கார் ஒன்றின் குறியீடு 'ஏ.இ.92', அதில் 'ஏ' குடும்ப எஞ்சின் இருக்கிறது. ஒன்பதாம் தலைமுறையில் 'இசட்.இசட்.இ.122' என்பது ஒன்று. எஞ்சின் குடும்பம் 'இசட்.இசட்.'

எஞ்சினுக்கும் தனிப் பெயர் உண்டு. '4ஏ-எஃப்.இ.' என்பதை எடுத்துக்கொள்வோம். 'ஏ' குடும்பத்தில் நான்காவது எஞ்சின். 'எஃப்' என்றால் சிக்கனத்திற்கான இரட்டைக் கேம் ஷாஃப்ட் அமைப்பு. 'இ' என்றால் பெட்ரோலை மின்னணு முறையில் பீய்ச்சும் அமைப்பு. இதே எஞ்சினின் உறவினரான '4ஏ-ஜி.இ.' யில் 'ஜி' என்பது வேகத்திற்கான இரட்டைக் கேம் ஷாஃப்ட் அமைப்பைக் குறிக்கும். ஓர் எழுத்து மாறினால் சிலிண்டர் ஹெட்டே மாறிவிடுகிறது. பழுதுபார்ப்பு நூலைத் திறந்ததும் முதற் பக்கங்களில் இந்தக் குறியீடுகளின் பட்டியல்தான் இருக்கும். அதில் நம் கார் இல்லையென்றால் அந்த நூலை மூடிவைத்துவிட வேண்டியதுதான்.

நூலின் மொழி

பழுதுபார்ப்பு நூல் கதை சொல்வதில்லை. எஞ்சின், குளிர்விப்பு, எண்ணெயூட்டம், பற்றவைப்பு, கிளட்ச், பிரேக், ஸ்டீயரிங் என்று பகுதி பகுதியாகப் பிரித்திருக்கும். ஒவ்வொரு பாகத்துக்கும் பெரும்பாலும் இரண்டு எண்கள் தரப்படும். ஒன்று 'நியம அளவு'. பாகம் புதிதாக இருக்கும்போது இருக்க வேண்டிய அளவு. மற்றொன்று 'எல்லை அளவு'. அதைத் தாண்டினால் பாகத்தை மாற்றியே ஆக வேண்டும். தேய்மானம் என்பது இந்த இரண்டு எண்களுக்கு இடையே நடக்கும் பயணம். பாகம் அந்தப் பயணத்தில் எங்கே இருக்கிறது என்று அளந்து சொல்வதே மெக்கானிக்கின் முதல் வேலை.

டொயோட்டா நூல்களில் மூன்று வகைக் குறிப்புகளும் உண்டு. ஆளுக்குக் காயம் ஏற்படக்கூடிய இடத்தில் ஒருவகை எச்சரிக்கை. பாகம் பழுதாகக்கூடிய இடத்தில் இன்னொரு வகை. வேலையை எளிதாக்கும் யோசனைக்கு மூன்றாவது வகை. இம்மூன்றையும் குழப்பிக்கொள்ளாமல் படிக்கப் பழக வேண்டும்.

இடைவெளி எதற்கு?

இப்போது நம் 'டக் டக்' ஓசைக்கு வருவோம். எஞ்சினின் சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் நுழைய ஒரு வால்வு உண்டு; அதை உள்வழி வால்வு என்போம். எரிந்த வாயு வெளியேற மற்றொன்று. அது வெளிவழி வால்வு. ஸ்பிரிங் வால்வை மூடி வைத்திருக்கும். கேம் ஷாஃப்டின் புடைப்பு வந்து அழுத்தும்போது வால்வு திறக்கும்.

பொருள்கள் வெப்பத்தால் விரிவடையும் என்று படித்திருக்கிறீர்கள். எஃகின் நீள விரிவு எண் ஏறத்தாழ ஒரு டிகிரி செல்சியஸுக்கு 0.000012 ஆகும். 100 மி.மீ. நீளமுள்ள எஃகு வால்வு ஒன்றின் வெப்பநிலை 250 டிகிரி உயர்வதாகக் கொள்வோம். அது நீளும் அளவு:

100 × 0.000012 × 250 = 0.30 மி.மீ.

வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் இடையே கொஞ்சமும் இடமில்லாவிட்டால், நீண்ட வால்வு தன் இருக்கையில் முழுதும் அமர முடியாது. சிறு சந்து விழும். எரியும் வாயு அதன் வழியே சீறிக்கொண்டு வெளியேறும். வால்வு தன் வெப்பத்தைப் பெரும்பாலும் இருக்கையின் வழியாகத்தான் இழக்கிறது. அந்தத் தொடர்பும் அறுந்துபோவதால் வால்வின் விளிம்பு கருகிவிடும்.

இடைவெளி மிகுதியானால் என்ன ஆகும்? வால்வு தாமதமாகவும் குறைவாகவும் திறக்கும். எஞ்சினின் திறன் குறையும். இடைவெளியைத் தாண்டி வந்து மோதுவதால் ஓசை எழும். நாம் கேட்ட 'டக் டக்' இதுதான்.

பெட்ரோல் கலந்த புதுக் காற்று உள்வழி வால்வைச் சற்றுக் குளிர்விக்கிறது. வெளிவழி வால்வுக்கு அந்த வசதி இல்லை. அது எரிந்த வாயுவிலேயே குளிக்கிறது. எனவே அதற்குச் சற்று அதிகமான இடைவெளி தரப்படுகிறது.

நான்கு புத்தகங்கள், நான்கு வழிகள்

முதல் புத்தகம் 1979இல் வந்த நான்காம் தலைமுறையின் 4கே எஞ்சினுக்கு உரியது. இதில் கேம் ஷாஃப்ட் எஞ்சின் உடலுக்குள் இருக்கிறது. அது ஒரு நீண்ட கோலைத் தள்ளும். கோல், ராக்கர் என்னும் சிறு நெம்புகோலின் ஒரு முனையை உயர்த்தும். ராக்கரின் மறுமுனை வால்வை அழுத்தும். ராக்கரில் ஒரு திருகும் அதைப் பூட்டும் நட்டும் உள்ளன. எஞ்சின் சூடாக இருக்கும்போது உள்வழி வால்வுக்கு 0.20 மி.மீ., வெளிவழி வால்வுக்கு 0.30 மி.மீ. என்பது நூல் தரும் அளவு. அந்தத் தடிமனுள்ள 'ஃபீலர் கேஜ்' என்ற மெல்லிய எஃகுத் தகட்டை இடைவெளியில் செருகி, அது லேசான பிடிப்புடன் நழுவும் வரை திருகைத் திருப்ப வேண்டும். ஒரு திருப்புளி, ஒரு ஸ்பானர், ஒரு ஃபீலர் கேஜ் இருந்தால் போதும்.

இரண்டாவது புத்தகம் 1987இல் வந்த ஆறாம் தலைமுறையின் 4ஏ-எஃப்.இ. எஞ்சினுக்கு உரியது. இதில் நீண்ட கோலும் இல்லை, ராக்கரும் இல்லை. இரண்டு கேம் ஷாஃப்டுகள் வால்வுகளுக்கு நேர் மேலே சுழல்கின்றன. வால்வின் தலையில் கவிழ்த்த கிண்ணம் போன்ற ஒரு பாகமும், அதன்மேல் நாணயம் போன்ற ஒரு 'ஷிம்' தகடும் இருக்கும். திருப்புவதற்குத் திருகு கிடையாது. இடைவெளியை மாற்ற வேண்டுமானால் வேறு தடிமனுள்ள ஷிம் போட வேண்டும். அதற்குக் கிண்ணத்தைக் கீழே அழுத்திப் பிடிக்கத் தனிக் கருவி ஒன்று தேவை.

எந்தத் தடிமன் வேண்டும் என்பதற்கு நூல் ஒரு சூத்திரம் தருகிறது. உள்வழி வால்வுக்கு:

புதிய தடிமன் = பழைய தடிமன் + (அளந்த இடைவெளி − 0.20)

அளந்த இடைவெளி 0.31 மி.மீ., பழைய ஷிம்மின் தடிமன் 2.80 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் புதிய தடிமன் 2.80 + 0.11 = 2.91 மி.மீ. ஷிம்கள் 0.05 மி.மீ. படிகளில்தான் கிடைக்கின்றன. எனவே 2.90 மி.மீ. ஷிம்மைப் போடுவார் மெக்கானிக். இடைவெளி 0.21 மி.மீ. ஆகும். நூல் அனுமதிப்பது 0.15 முதல் 0.25 வரை. வேலை முடிந்தது!

பழைய ஷிம்மின் தடிமனை எதனால் அளப்பது? உங்கள் இயற்பியல் ஆய்வகத்தில் உள்ள திருகு அளவியேதான். அதன் மீச்சிற்றளவு 0.01 மி.மீ. என்பது நினைவிருக்கும்.

மூன்றாவது புத்தகம் 2000இல் வந்த ஒன்பதாம் தலைமுறையின் 1இசட்.இசட்.-எஃப்.இ. எஞ்சினுக்கு உரியது. 2003இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்ததும் இந்தத் தலைமுறைதான். இதில் தனி ஷிம்மும் இல்லை. கிண்ணத்தின் தடிமனே இடைவெளியைத் தீர்மானிக்கிறது. 5.06 மி.மீ. முதல் 5.74 மி.மீ. வரை 0.02 மி.மீ. படிகளில் 35 வகைக் கிண்ணங்கள் உண்டு. ஒன்றை மாற்ற வேண்டுமானால் கேம் ஷாஃப்டைக் கழற்றியே ஆக வேண்டும். எஞ்சின் குளிர்ந்த நிலையில் உள்வழிக்கு 0.15 முதல் 0.25 மி.மீ., வெளிவழிக்கு 0.25 முதல் 0.35 மி.மீ. என்பது நூல் தரும் அளவு.

இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். முதல் புத்தகத்தில் 0.20, 0.30. மூன்றாவது புத்தகத்திலும் நடு அளவு 0.20, 0.30. எண்கள் ஒன்றாகவே இருக்கின்றன! ஆனால் முதல் நூலின் எண் சூடான எஞ்சினுக்கு. மூன்றாம் நூலின் எண் குளிர்ந்த எஞ்சினுக்கு. எண்ணை மட்டும் மனப்பாடம் செய்தவர் இங்கே தவறுவார். 'எந்த நிலையில் அளந்தது' என்பதும் அளவின் ஒரு பகுதியே.

ஏன் இந்த வேறுபாடு? திருகு உள்ள எஞ்சினில் ஓடி முடித்த சூட்டோடு சில நிமிடங்களில் வேலையை முடித்துவிடலாம். கிண்ணங்களைக் கழற்றி அளக்கும் எஞ்சினிலோ வேலை முடிவதற்குள் சூடு ஆறிக்கொண்டே வரும். அளவும் மாறிக்கொண்டே வரும். முழுதும் குளிர்ந்த நிலைதான் அங்கே மாறாத நிலை.

நான்காவது புத்தகம் 2006இல் வந்த பத்தாம் தலைமுறையின் 2இசட்.ஆர். வகை எஞ்சினுக்கு உரியது. இதில் ராக்கர் மீண்டும் வந்துவிட்டது; உருளும் சக்கரம் பொருத்திய ராக்கர் அது. அதன் ஒரு முனையைத் தாங்கும் சிறு தூணுக்குள் எஞ்சின் எண்ணெய் அழுத்தத்துடன் நிரம்புகிறது. தேய்மானத்தாலோ வெப்பத்தாலோ இடைவெளி உண்டாக முயன்றால் எண்ணெய் அந்தத் தூணை உயர்த்தி அதை நிரப்பிவிடும். எஞ்சின் தன் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்கிறது. அதனால்தான் அந்த அத்தியாயமே நூலில் இல்லை. இந்த எஞ்சினில் 'டக் டக்' ஓசை வந்தால் ஃபீலர் கேஜைத் தேடிப் பயனில்லை; எண்ணெயின் அளவையும் அழுத்தத்தையும் பார்க்க வேண்டும்.

போல்ட்டை எவ்வளவு முறுக்குவது?

"நன்றாக முறுக்கு" என்று எந்தப் பழுதுபார்ப்பு நூலும் சொல்லாது. எவ்வளவு என்று எண்ணில் சொல்லும். ஸ்பானரின் நீளத்தையும் கையின் விசையையும் பெருக்கி வரும் திருப்புத்திறனைத்தான் மெக்கானிக்குகள் 'டார்க்' என்கிறார்கள். அதை அளந்து முறுக்கும் கருவி டார்க் ரெஞ்ச்.

1இசட்.இசட்.-எஃப்.இ. எஞ்சினின் சிலிண்டர் ஹெட்டை 10 போல்ட்டுகள் பிடித்திருக்கின்றன. நூல் தரும் வரிசைப்படி நடுவிலிருந்து தொடங்கி வெளிப்புறமாகச் சென்று ஒவ்வொன்றையும் 49 நியூட்டன் மீட்டருக்கு முறுக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் பெயிண்டால் ஒரு புள்ளி வைத்து, அந்தப் புள்ளி சரியாக 90 டிகிரி திரும்பும் வரை மேலும் முறுக்க வேண்டும்.

கோணக் கணக்கு எதற்கு? நாம் செலுத்தும் திருப்புத்திறனில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு, போல்ட்டின் தலையடியிலும் மரையிலும் உள்ள உராய்வுக்கே செலவாகிவிடுகிறது. மீதிதான் போல்ட்டை இழுத்து ஹெட்டை அழுத்துகிறது. மரையில் கொஞ்சம் துருவோ எண்ணெயோ இருந்தால் கணக்கு மாறிவிடும். கோணம் அப்படி ஏமாற்றாது. மரை எவ்வளவு சுற்று திரும்பியதோ அவ்வளவுக்குப் போல்ட் நீண்டே தீரும்.

அலகுகளிலும் தலைமுறை வேறுபாடு உண்டு. பழைய ஜப்பானிய நூல்கள் திருப்புத்திறனைக் கிலோகிராம் சென்டிமீட்டரில் தந்தன. ஜப்பான் 1992இல் இயற்றிய அளவைச் சட்டத்தால் அந்தப் பத்தாண்டின் இறுதிக்குள் நியூட்டன் மீட்டருக்கு மாறியது. அமெரிக்காவுக்கான நூல்களில் அடி-பவுண்டும் இருக்கும். 500 கிலோகிராம் சென்டிமீட்டர், 49 நியூட்டன் மீட்டர், 36 அடி-பவுண்டு ஆகிய மூன்றும் ஒன்றே.

இப்போது ஒருவர் நூலில் '49' என்று பார்த்துவிட்டு, அடி-பவுண்டு குறித்த டார்க் ரெஞ்சை 49இல் வைத்து முறுக்குகிறார் என்று கொள்வோம். ஓர் அடி-பவுண்டு 1.356 நியூட்டன் மீட்டர். ஆகவே அவர் முறுக்குவது 49 × 1.356 = 66 நியூட்டன் மீட்டர்; மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அதிகம். அதன் மேல் இன்னும் 90 டிகிரி. போல்ட் தன் எல்லையைத் தாண்டி நீண்டு அறுந்துபோகலாம். அலுமினிய ஹெட் வளையலாம். கணக்குப் பாடத்தில் அலகு எழுதாவிட்டால் அரை மதிப்பெண் குறைவதேன் என்று இப்போது புரிகிறதல்லவா?

மினுக்கும் விளக்கு

குறை காணும் முறையும் தலைமுறைக்குத் தலைமுறை மாறியது. கே வகை எஞ்சினின் காலத்தில் மெக்கானிக் காதால் கேட்டார், கண்ணால் பார்த்தார், கையால் தொட்டார். கார்புரேட்டரின் திருகையும் பற்றவைப்பின் தொடுமுனைகளையும் அவரே சரிசெய்தார்.

மின்னணுப் பீய்ச்சல் வந்தபின் காருக்குள் ஒரு சிறு கணிப்பொறி குடியேறியது. எஞ்சினைக் குளிர்விக்கும் நீரின் வெப்பநிலையை அதற்குத் தெரிவிக்க ஓர் உணர்வி உண்டு. அந்த இணைப்பு கெட்டால் 4ஏ-எஃப்.இ. வண்டியில் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரியும். நூல் காட்டும் இரண்டு மின்முனைகளை ஒரு கம்பியால் இணைத்தால் அந்த விளக்கு மினுக்கத் தொடங்கும். இரண்டு மினுக்கு, சிறு இடைவெளி, மீண்டும் இரண்டு மினுக்கு. அதாவது குறியீடு 22. நூலின் பட்டியலில் 22 என்பது நீர் வெப்பநிலை உணர்வியின் மின்சுற்று. அமெரிக்காவில் 1996 முதல் எல்லா நிறுவனங்களின் கார்களுக்கும் பொதுவான குறியீட்டு முறை கட்டாயமாயிற்று. அதன்படி அதே குறைக்கு 'பி0115' என்ற குறியீட்டைத் தனிக் கருவி ஒன்று எழுத்தில் காட்டும்.

ஆனால் குறியீடு வந்ததும் உணர்வியை வாங்கி மாட்டிவிடக் கூடாது. 22 என்பது 'உணர்வி கெட்டது' என்று சொல்லவில்லை. 'அந்தச் சுற்றில் குறை' என்றே சொல்கிறது. கம்பி அறுந்திருக்கலாம்; இணைப்பான் துருப்பிடித்திருக்கலாம். எனவே நூல் அடுத்த சோதனையைத் தருகிறது. உணர்வியைக் கழற்றி நீருள்ள பாத்திரத்தில் அமிழ்த்தி, வெப்பமானி ஒன்றையும் வைத்து, மின்தடையை அளக்க வேண்டும். 20 டிகிரியில் 2 முதல் 3 கிலோ ஓம். 80 டிகிரியில் 0.2 முதல் 0.4 கிலோ ஓம் இருக்க வேண்டும். இருந்தால் உணர்வி நல்லது, குறை வேறெங்கோ. கருவி எவ்வளவு நவீனமானாலும், முடிவு செய்வது இந்தச் சிறு ஆய்வகச் சோதனைதான்.

பழைய நூலில் இல்லாத எச்சரிக்கை

தவறான நூலால் போல்ட் அறுந்தால் பணம் போகும். இன்னும் பெரிய ஆபத்தும் உண்டு. நான்காம் தலைமுறை நூலில் ஸ்டீயரிங் சக்கரத்தைக் கழற்றுவது எளிய வேலை. ஹாரன் மூடியை எடுத்து, நடுவிலுள்ள நட்டைக் கழற்றி, இழுகருவியால் இழுத்தால் முடிந்தது.

1990களில் கொரோலாவின் ஸ்டீயரிங் சக்கரத்துக்குள் காற்றுப்பை வந்தது. மோதலின்போது ஒரு வேதிப்பொருள் பற்றி எரிந்து, கண் இமைக்கும் நேரத்துக்குள் அந்தப் பையை ஊதும். அந்தத் தலைமுறைகளின் நூல் முதலில் சொல்வது இதுதான்: சாவியை அணைநிலையில் வைத்து, பேட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றி, குறைந்தது 90 விநாடிகள் காத்திருக்க வேண்டும். பேட்டரியைக் கழற்றிய பிறகும் காற்றுப்பையின் துணை மின்சேமிப்பில் அதை வெடிக்கச் செய்யும் அளவுக்கு மின்னூட்டம் சிறிது நேரம் தங்கியிருக்கும். பழைய நூலை வைத்துக்கொண்டு புதிய வண்டியில் கை வைப்பவருக்கு இந்த 90 விநாடி தெரியாது. அவர் முகம் அந்தச் சக்கரத்துக்கு நேர் எதிரே இருக்கும்!

2013இல் ஜப்பானில் கலப்பின மின்சாரக் கொரோலாவும் வந்தது. அதில் ஆரஞ்சு நிறக் கம்பிகள் உயர் மின்னழுத்தம் உடையவை. மின்கலத் தொகுப்பைத் துண்டித்தபின் சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். எத்தனை நிமிடம்? அதை அந்த வண்டியின் நூலில்தான் பார்க்க வேண்டும். இந்தக் கட்டுரையைப் பார்த்து அல்ல!

நூல் யாருக்கு?

ஜப்பானில் ஓடிய கார்கள் பழையனவாகியபின் கப்பலேறி ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றுக்குச் செல்கின்றன. கார் போய்ச் சேரும் இடத்துக்கு அதன் நூலும் போய்ச் சேர்கிறதா என்பது முக்கியமான கேள்வி. அச்சு நூலாக இருந்தவரை அதை வாங்கிப் பட்டறையின் அலமாரியில் வைத்துக்கொள்ளலாம். இப்போது பழுதுபார்ப்பு நூல்கள் கணிப்பொறி வழியே, சந்தா கட்டிப் படிப்பவையாக மாறிவிட்டன. நிறுவனத்தின் சொந்தப் பட்டறைக்குக் கிடைக்கும் செய்தி, தெருமுனை மெக்கானிக்குக்கும் கிடைக்க வேண்டும் என்ற குரல் பல நாடுகளில் எழுந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2007இல் அதற்கு விதி செய்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில மக்கள் 2012இல் வாக்களித்து அதற்கு ஆதரவு தெரிவித்தனர்.

அந்த மெக்கானிக் சரியான எண்ணைப் படித்தால்தான் அவர் பூட்டும் பிரேக் நம்மைக் காக்கும். ஆகவே இது மெக்கானிக்கின் உரிமை மட்டுமல்ல, வண்டியில் ஏறும் அனைவரின் பாதுகாப்புமாகும்.

இனி எந்தக் கருவியின் கையேட்டைத் திறந்தாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்த நூல் இந்தப் பொருளுக்கு உரியதுதானா? இந்த எண் எந்த அலகில் உள்ளது? இது எந்த நிலையில் அளந்த எண்? மூன்றுக்கும் விடை கிடைத்த பிறகு ஸ்பானரைக் கையில் எடுக்கலாம்.

செய்து பாருங்கள்

1. ஆய்வகத் திருகு அளவியால் ஒரு நோட்டுப் புத்தகத் தாளின் தடிமனை அளக்கவும். 0.20 மி.மீ. இடைவெளிக்கு எத்தனை தாள்கள் ஈடாகும்?

2. 4ஏ-எஃப்.இ. எஞ்சினின் ஓர் உள்வழி வால்வில் அளந்த இடைவெளி 0.12 மி.மீ. பழைய ஷிம்மின் தடிமன் 2.95 மி.மீ. 0.05 மி.மீ. படிகளில் கிடைக்கும் ஷிம்களில் தேவைக்கு மிக அருகில் உள்ளது எது?

3. 1இசட்.இசட்.-எஃப்.இ. எஞ்சினின் ஒரு வெளிவழி வால்வில் அளந்த இடைவெளி 0.21 மி.மீ. கிண்ணத்தின் தடிமன் 5.38 மி.மீ. இடைவெளி 0.30 மி.மீ. ஆக வேண்டுமானால் எந்தக் கிண்ணத்தைப் போடலாம்?

விடைகள்: (2) கணக்கில் வருவது 2.87 மி.மீ.; எனவே 2.85 மி.மீ. ஷிம். இடைவெளி 0.22 மி.மீ. ஆகும். (3) கணக்கில் வருவது 5.29 மி.மீ.; கிடைப்பவை 5.28, 5.30. இரண்டில் எதைப் போட்டாலும் இடைவெளி 0.25 முதல் 0.35 மி.மீ. என்ற எல்லைக்குள் அமையும்.